ஒப்படைத்த பிள்ளை

மாலை நான்கு நாற்பது. எழும்பூர் நிலையத்தில் தாம்பரம் போகும் மின்சார ரயில் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பிய நேரம் அது. ரயிலைத் தவறவிட்டவர்கள் மூன்று பெண்கள்: எங்கள் குழுவின் தலைவியான தீதி, குழுவிலேயே சின்னவளான சோட்டி, நான். உள்ளே ஏறிவிட்டவர்கள், எங்களை அழைத்து வந்த மேடமும் மற்ற எல்லாப் பிள்ளைகளும். நடைமேடைக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதால்தான் எனக்கு நேரம் நினைவிருக்கிறது. அவ்வளவு பெரிய கடிகாரத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஏன் ஏறவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். எங்களுக்கு ஏறுவது இறங்குவது என்றால் கப்பல்தான். முதலில் வருகிறவர்கள் எல்லாரும் இறங்குவார்கள். பிறகு போகிறவர்கள் ஏறுவார்கள். கடைசி மூட்டை ஏறும்வரை கப்பல் நகராது. காலையில் தாம்பரத்தில் ஏறியதும் காலியாகக் காத்துநின்ற ரயில்தான். மற்ற ரயில் அப்படியில்லை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தீதி எங்கள் இருவரையும் ஓரமாக நிறுத்தி, இறங்குகிறவர்களுக்கு மரியாதையாக வழிவிட்டாள். அவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் என் வயதுக்காரர்களாக இருப்பீர்கள். பிள்ளையைப் படிப்புக்கோ முகாமுக்கோ தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு அனுப்பிவிட்டு, கையில் செல்போனோடு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பவர்கள். போன மாதம் நானும் அப்படித்தான் நடந்தேன். பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளுக்கான தலைமைப் பயிற்சி முகாம் ஒன்றுக்கு என் மகள் போயிருந்தாள். அவள் இருக்கும் இடத்தைக் காட்டுகிற நீலப் புள்ளி ஒரு மாலை முழுக்க ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அழைத்தால் எடுக்கவில்லை. கடைசியில் ஒன்றுமில்லை. போனை அறையில் சார்ஜில் போட்டுவிட்டு எல்லாரோடும் நாடகம் பார்க்கப் போயிருக்கிறாள். "சும்மா சும்மா டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று சிரித்தாள். அவள் வீடு திரும்பி நாளாகிவிட்டது. எனக்குத்தான் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அவள் தூங்கும்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்தப் படபடப்பு என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், என் பதினான்காம் வயதுக் கோடை விடுமுறை.

அப்போது நாங்கள் அந்தமானில், ரங்கத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ரோடு போடும் இலாகாவில் மஸ்தூர் என்கிற கூலி வேலை. தகரக் கூரை வீடு. மழைக்காலம் பிறந்துவிட்டால் கூரைச் சத்தத்தில் பேச்சே கேட்காது. நான்கைந்து மாதம் கத்தித்தான் பேசுவோம். அதனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் குரல் பெரிது. மெயின்லேண்டில் ஒரு தொண்டு நிறுவனம் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை ஒரு மாதம் சென்னையில் தங்கவைத்துத் தலைமைப் பயிற்சி தரப்போகிறது, அங்குள்ள ஏழைப் பிள்ளைகளோடு கலாச்சாரப் பரிமாற்றமும் உண்டு என்று பள்ளியில் சொன்னார்கள்.

"பரிமாற்றம்னா என்ன சார்?" என்று அம்மா பி.டி. சாரிடம் கேட்டாள்.

"இங்க உள்ளத அங்க குடுக்கணும்மா. அங்க உள்ளத இங்க கொண்டு வரணும்."

அம்மா அன்று சாயங்காலமே ஒரு சாக்குப் பையில் தேங்காய் கட்டத் தொடங்கிவிட்டாள்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூத்தவள் தீதி, பதினாறு வயது. காட்டில் மரம் வெட்டுவதற்காக ராஞ்சிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் கூட்டிவரப்பட்டவர்களின் பேத்தி. வீட்டில் தம்பி தங்கைகள் நிறைய. இடுப்பில் பிள்ளை இல்லாமல் அவளை நாங்கள் பார்த்ததே இல்லை. சோட்டி ஒரு பெங்காலி விவசாயியின் மகள். தீதி என்றால் ஹிந்தியில் அக்கா, சோட்டி என்றால் சின்னவள். வயது பதின்மூன்று என்றார்கள், பார்த்தால் ஒன்பது சொல்லலாம். இன்னும் இரண்டு பையன்கள், ஒருவன் தெலுங்கு, ஒருவன் மலையாளம். தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். எங்களுக்குள் எல்லாம் தீவு ஹிந்தி. தீதி பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன், அவள் பேசியதில் ஒரு சொல்கூடத் தமிழில்லை.

ஹேடோ ஜெட்டி என்கிற கப்பல்துறையில் கப்பல் ஏறிய காலை இப்போதும் மூக்கில் இருக்கிறது. புதுப் பெயின்ட், டீசல், கொதிக்கும் பருப்பு, யாரோ அதற்குள் எடுத்த வாந்தி. எங்களுக்குப் பொறுப்பாக பி.டி. சார் கூடவே வந்தார். அப்பா அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பிறகு பங்க் கிளாஸ் கூடத்துக்குள் இறங்கி, படுக்கைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, குடும்பம் தேடினார்.

நம் தீவில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தனியாகப் போகிற பிள்ளையைக் கப்பலில் ஏதாவது ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு வருவார்கள். தெரிந்தவர்களாக இருக்கவேண்டியதில்லை. ஒரே மொழியாகக்கூட இருக்கவேண்டியதில்லை. குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கணக்குதான். சின்னப் பிள்ளைகள் இருக்கவேண்டும், சாமான் நிறைய இருக்கவேண்டும். கைவீசிக்கொண்டு வருகிறவனை யாரும் நம்பமாட்டார்கள். அப்பா கண்டுபிடித்தது தையல் மெஷினோடு ஊருக்குப் போகிற ஒரு தெலுங்குக் குடும்பம்.

"பாபி, பச்சோங்கோ தோடா தேக்னா" என்றார். அண்ணி, பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாள் படுக்கை மூட்டையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஹாங்" என்றாள். அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அப்பா நிம்மதியாக இறங்கிப் போனார்.

ஜெட்டி கண்ணை விட்டு மறைவதற்குள் பி.டி. சார் படுத்துவிட்டார், சென்னைத் துறைமுகத்தில்தான் எழுந்தார். வழி முழுக்க எங்களுக்குச் சோறு போட்டதும், தலை வாரியதும், சோட்டிக்குப் பேன் பார்த்ததும் அந்தத் தெலுங்கு அம்மாள். துறைமுகத்தில் எங்கள் ஐந்து தலைகளையும் தொட்டு எண்ணி, பி.டி. சாரிடம் விட்டுவிட்டு, தையல் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டாள். அவளை மறுபடி பார்க்கவில்லை. பி.டி. சாரும் எங்களை விடுதியில் சேர்த்துவிட்டு மதுரைக்கு, தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

விடுதி தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சைக் கேட். எதிரே ராட்சசக் காளான் மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி. எங்களுக்கு முதலில் பிடிபடாதது காற்று. உப்பும் இல்லை, ஈரமும் இல்லை. உதடு வெடித்தது. நான் கொண்டுபோயிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி முதல் வாரமே காணாமல் போனது, அதற்கு அழுத அளவுக்கு வீட்டை நினைத்துக்கூட நான் அழவில்லை.

மேடம்தான் முகாமுக்கு எல்லாம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் விசில். அன்று எங்களுக்கு அவர் பெரிய மனுஷி. இன்று கணக்குப் போட்டால் இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

தலைமைப் பயிற்சியில் ஒரு விளையாட்டு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாயவேண்டும், பின்னால் நிற்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். நம்பிக்கை வளருமாம். சென்னைப் பிள்ளைகள் பாதியில் கண்ணைத் திறந்து காலை ஊன்றிவிடுவார்கள். "டேய், வுட்ருவீங்கடா நீங்க" என்று சிரிப்பார்கள். சோட்டி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், வெட்டிய வாழை மாதிரி விழுந்தாள். மேடம் விசில் அடித்துக் கைதட்டினார். "பாருங்க, இவதான் சரியா பண்றா!"

எங்கள் குழுவுக்குத் தீதியைத் தலைவி ஆக்கினார்கள். மஞ்சள் ரிப்பனில் செய்த பூவைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். துவைக்கும்போது அதைக் கழற்றி என்னிடம் கொடுத்து, காய்ந்ததும் திரும்ப வாங்கிக் குத்திக்கொள்வாள்.

கலாச்சாரப் பரிமாற்ற நாளுக்கு முந்தைய மாலை, மேடம் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பச்சைக் காகிதத்தில் தழைமாதிரி வெட்டித் தைத்த பாவாடைகள், ஐந்து.

"அந்தமான் டான்ஸுக்கு. உங்க டிரெஸ் இதானே?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தழை கட்டுகிற ஆதிவாசிகளை நாங்களும் பார்த்ததில்லை. அவர்கள் காட்டுக்குள் அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். தீதி ஒரு பாவாடையை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "இவங்களே கட்டிக்கட்டும், நல்லா இருக்கும்னு சொல்லு" என்றாள் என்னிடம்.

"மழை பெஞ்சா கரைஞ்சிடும்னு தீதி சொல்றாங்க மேடம்" என்றேன்.

"மெட்ராஸ்ல மே மாசம் மழையா?" என்று மேடம் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் பெட்டி திரும்பிப் போய்விட்டது. மறுநாள் மேடையில் நாங்கள் ஐந்து பேரும் அவரவர் வீட்டு மொழியில் பெயர் சொன்னோம், பெரியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொன்னோம், பள்ளி இறைவணக்கத்தை ஹிந்தியில் பாடினோம், இறங்கிவிட்டோம். சபைக்கு ஏமாற்றம். வியாசர்பாடிப் பையன் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"ஏய், அவ்ளோதானா? காட்டு டான்ஸ் எங்க?"

"காட்டுல டான்ஸ் ஆட முடியாது. அட்டை கடிக்கும்" என்றேன். அன்றிலிருந்து அவன் எனக்கு நண்பன். அம்மாவின் தேங்காயில் பாதியை அவன்தான் தின்றான்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் எழும்பூருக்கு, மியூசியம் பார்க்கப் போனது. சோட்டி மதியத்திலிருந்தே பேசவில்லை. திமிங்கில எலும்புக்கு முன்னால் எல்லாரும் வாய் பிளந்து நிற்க, இவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனபோது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்திருந்த கை ஆடத் தொடங்கியது. அந்த வெயிலில், பல் கிட்டிக்க, நடுங்கினாள்.

தீதி நெற்றியைத் தொட்டாள். "மலேரியா" என்றாள். ரங்கத்தில் அந்த நடுக்கத்தைப் பார்க்காத வீடு கிடையாது. அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்: காய்ச்சல் ஏறும், பிதற்றுவாள், சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும்.

விடுதிக்குப் போன் செய்யவேண்டும். போன் பூத் நிலையத்துக்கு வெளியே. படிப் பாலம் ஏறி இறங்கிப் போகவேண்டும். தீதி சோட்டியை முதுகில் ஏற்றிப் படியேறினாள். பாலத்தைத் தாண்டி அடுத்த மேடையில் இறங்குவதற்குள் சோட்டி இரண்டு முறை வாந்தி எடுத்தாள், கால் கை தொங்கிவிட்டது. இனி அவளை அலைக்கழிக்க முடியாது. பூத்தில் தமிழ் பேச நான் வேண்டும். வெளியே அந்தக் கூட்டத்தில் என்னைத் தனியாக அனுப்ப தீதிக்கு மனமில்லை.

தீதி மேடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்பா கப்பலுக்குள் பார்த்த அதே பார்வை. தூண் பக்கத்தில் ஒரு குடும்பம். திருப்பதி போய் வந்தவர்கள் போலிருக்கிறது. அப்பனுக்கும் இரண்டு பையன்களுக்கும் மொட்டைத் தலையில் சந்தனம் மின்னியது. மூட்டைகள், தூக்குவாளி, எல்லாவற்றுக்கும் நடுவே பெரிய அட்டைப் பெட்டியில் புத்தம் புதிய கிரைண்டர். அதை இரண்டு ஆள் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும்.

"அவங்க" என்றாள் தீதி.

நான் போய்ச் சொன்னேன். "அக்கா, இவளுக்கு ஒடம்பு சரியில்ல. கொஞ்சம் பாத்துக்கோங்க. போன் பண்ணிட்டு வந்துடறோம்."

"யாரும்மா நீங்க? கூட பெரியவங்க யாரும் இல்லியா?"

"ரயில்ல போயிட்டாங்க."

அந்தப் பெண் சோட்டியின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். "ஐயய்யோ, நெருப்பா கொதிக்குதே." பேசிக்கொண்டே புடவைத் தலைப்பைக் கீழே விரித்து அவளைப் படுக்கவைத்துவிட்டாள்.

மொட்டைத் தலைக் கணவர் முணுமுணுத்தார். "ஏண்டி, ஊர் வம்ப எதுக்கு இழுத்துப் போட்டுக்கற? வண்டி வர நேரம்."

"நீங்க சும்மா இருங்க. போய்ட்டு சட்டுனு வாம்மா."

நாங்கள் ஓடினோம். பூத்தில் வரிசை. எங்கள் முறை வந்தபோது விடுதி எண் எங்கேஜ். மறுபடி கடைசியில் போய் நின்றோம். கடைசியில் எடுத்தவர் சமையல்காரர்.

"மேடம் இல்லம்மா. புள்ளைங்கள கூட்டிகினு வெளிய போயிருக்காங்க."

"நாங்கதாங்க அந்தப் பிள்ளைங்க!"

"அப்ப அங்கயே கேளும்மா, இங்க எதுக்கு போன் பண்ற?"

வைத்துவிட்டார். நாங்கள் திரும்பி ஓடிவந்தபோது மேடை காலியாக இருந்தது. தூணடியில் மல்லிகைச் சரம் ஒன்று மிதிபட்டுக் கிடந்தது. மூட்டை இல்லை, மொட்டைத் தலைகள் இல்லை, கிரைண்டர் இல்லை. சோட்டி இல்லை. பெருக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "விழுப்புரம் வண்டியா? அது போயிடுச்சே."

போன மாதம் நீலப் புள்ளி நகராமல் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தூணடிதான்.

மேடம் அடுத்த ரயிலிலேயே பதறியடித்துத் திரும்பி வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு எண்ணினார்.

"சோட்டி எங்க?"

"ஒருத்தங்ககிட்ட குடுத்திருக்கோம் மேடம்."

"குடுத்திருக்கோம்னா? யாருகிட்ட?"

"தெரியல மேடம்."

"பேரு?"

"கேக்கல."

"எந்த ஊர்க்காரங்க?"

"கேக்கல மேடம்."

மேடம் பக்கத்தில் நின்ற தள்ளுவண்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது என்ன சைக்கிள் ஸ்டாண்டா? வுட்டுட்டுப் போயி, வந்து எடுத்துக்கறதுக்கு?" பக்கத்திலிருந்தவர் சிரித்தார். விழுப்புரம் வரைக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் போட்டுச் சொன்னார்கள். காய்ச்சல்காரச் சிறுமியோடு, மொட்டைத் தலைகளோடு ஒரு குடும்பம். அந்த வண்டியில் பாதிப்பேர் மொட்டை என்று ஒரு நிலையத்திலிருந்து பதில் வந்தது.

தீதி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "கொண்டு வருவாங்க. குடுத்திருக்கோம்ல, கொண்டு வருவாங்க." அதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கப்பலில் ஒப்படைத்த பிள்ளை எங்கே போய்விடும்? சுற்றிலும் கடல். வாங்கிக்கொண்டவர் எங்கே இறங்கி ஓடமுடியும்? இங்கே பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்கு. அது எனக்கு அப்போது மெல்ல உறைத்தது. தீதிக்கு உறைத்ததா என்று தெரியவில்லை. அவள் குரல் மாறவேயில்லை.

"அறிவிருக்கா இவளுக்கு? பதினாறு வயசு ஆகுதில்ல? யாரோ எவரோ, பிள்ளைய தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறா. லீடராம் லீடர்! சொல்லு, அப்படியே சொல்லு இவகிட்ட" என்றார் மேடம்.

தீதி என் வாயைப் பார்த்தாள்.

"மேடத்துக்கு ரொம்ப பயமா இருக்காம்" என்றேன்.

இன்று யோசித்தால், நான் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

விடுதிக்கு வந்ததும், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்க, மேடம் தீதியின் சட்டையிலிருந்து மஞ்சள் ரிப்பன் பூவைக் கழற்றினார். வெடுக்கென்று இழுத்ததில் ஊசி சட்டையைக் கிழித்தது. அடுத்த கப்பலில் இவளை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று யாரிடமோ சொன்னார். தீதி கிழிசலை விரலால் மூடிக்கொண்டு நின்றாள். அழவில்லை. வியாசர்பாடிப் பையன் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான், அவனுக்கும் ஹிந்தி தெரியாது.

ரங்கத்தில் அன்று சோட்டியின் அம்மா என்ன செய்துகொண்டிருந்திருப்பாள்? ஒன்றும் தெரியாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருப்பாள். எங்கள் யார் வீட்டிலும் போன் கிடையாது. தெரிந்து துடிக்க அவர்களுக்கு நீலப் புள்ளி இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. மேடத்தை அன்று நான் மனதுக்குள் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. ஆனால் என் மகளை யாராவது ஒரு பதினாறு வயதுப் பெண், பெயர் தெரியாத குடும்பத்திடம் விட்டுவிட்டு வந்தால் நான் என்ன செய்வேன்? ரிப்பனோடு நிறுத்துவேனா? நிச்சயமாக மேடம் பக்கம்தான் நிற்பேன்.

அப்படியும் சொல்லிவிட முடியாது. மகளை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். முகாம்காரர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் மணிக்கட்டில் அடையாளப் பட்டை கட்டியிருந்தார்கள். பொறுப்பாளர் இருந்தார், அவருடைய எண் என் போனில் இருந்தது. எல்லாம் இருந்தும் என் கண் வரிசையில் அலைந்தது. கைக்குழந்தையும் மூன்று பெட்டியுமாக நின்ற ஒரு பெண்ணிடம் என் வாய் தானாகப் போய்ச் சொன்னது: "என் பொண்ணு போறா, கொஞ்சம் பாத்துக்கோங்க." அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கால் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "அம்மா, ப்ளீஸ், மானத்த வாங்காதீங்க" என்றாள் மகள்.

தீதி இப்போது மாயாபந்தர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அதற்குப் பிறகு எந்த முகாமுக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த ஊரில் படகை இழுத்துக் கட்டப் போகிறவர்கள் பிள்ளைகளை அவள் வீட்டில்தான் கொண்டுவந்து விடுகிறார்களாம்.

சோட்டி தொலைந்த மறுநாள் காலை விடுதியில் உப்புமா யாரும் தொடாமல் ஆறிக் கிடந்தது. தீதி பச்சைக் கேட்டுக்கு உள்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மேடத்துக்குக் கண் வீங்கியிருந்தது. போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் வெளியே தலையை நீட்டி, எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியையும் எங்கள் கேட்டையும் மாறி மாறிப் பார்த்து, "யக்கா, டேங்க்கும் இருக்கு, பச்ச கேட்டும் இருக்கு. இதுவும் இல்லன்னா நான் வண்டிய வுட்டுட்டுப் போயிடுவேன்" என்றார்.

அந்தப் பெண்தான் இறங்கினாள். நேற்றைய அதே புடவை, தோளில் வாந்திக் கறை காய்ந்திருந்தது. மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. இடுப்பில் சோட்டி. தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது, புறங்கையில் பிளாஸ்திரி, வாயில் பன். தீதி எழுந்து ஓடினாள். அவள் கையை நீட்டுவதற்குள் எல்லாரும் சூழ்ந்துகொண்டோம்.

அந்தப் பெண் யாரிடமும் கொடுக்கவில்லை. கூட்டத்தில் முகம் முகமாகத் தேடி, தீதியைக் கண்டுபிடித்து, அவள் இடுப்புக்குத்தான் சோட்டியை மாற்றினாள். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏண்டி பொண்ணே, சட்டுனு வான்னு சொன்னனா இல்லியா? வண்டி வந்து நிக்குது, இவளுக்குக் கண்ணு சொருவுது. பசங்களயும் சாமானயும் அவரோட ஏத்திவுட்டுட்டு நான் இவள தூக்கிகிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். பக்கத்துல ஒக்காந்திருந்த கெழவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன், அவரும் வண்டி ஏறிட்டாரா? யாரு புள்ளன்னு கேட்டாங்க, எம்புள்ளன்னுட்டேன். இல்லாட்டி நீ யாரு, அது யாருன்னு வாசல்லயே நிக்க வெச்சிருவாங்க. ராவெல்லாம் என்னமோ பாஷைல பொலம்புது. காலைல ஹிந்தி தெரிஞ்ச நர்ஸம்மா ஒண்ணு வந்து கேட்டப்பதான், தாம்பரம், டேங்க்கு, பச்ச கேட்டுன்னு சொல்லிச்சு. இது நாலாவது டேங்க்கு!"

மேடம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "ஸ்டேஷன்லயே போலீஸ் இருக்காங்களேம்மா. அவங்ககிட்ட குடுத்திருந்தா அவங்களே ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்க, எங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நீங்களும் உங்க வண்டியில போயிருக்கலாமே?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. மேடத்தைப் பார்த்தாள், சோட்டியின் வாயோரம் ஒட்டியிருந்த பன் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

"போலீஸ்கிட்ட எதுக்கும்மா? எங்கிட்டல்ல குடுத்துட்டுப் போனாங்க."